முடிக்காமல் விட வேண்டிய அறை

கைமாறும் பொருள்கள் – 11

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தை ஒட்டி மல்லிக் பஜார் இருக்கிறது. ஓடி ஓய்ந்த வண்டிகளைப் பிரித்துப் போட்டு, பாகம் பாகமாக விற்கும் சந்தை. ஊரைத் தாண்டி ஹூக்ளிக் கரையில் உள்ள உத்தர்பாடாவில்தான் அம்பாசடர் கார் தயாரானது. 2014 மே மாதத்தோடு அந்தத் தொழிற்சாலை நின்றுபோனது. அந்தக் காரின் ஸ்டியரிங் சக்கரம் ஒன்று இப்படியொரு சந்தையில் கிடைக்கிறது, அது பிள்ளையின் அறைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். டாக்சி மஞ்சளில் பெயின்ட் அடித்து, நடுவில் வட்டக் கண்ணாடி பதித்து, பெரியவர்களின் கண் மட்டத்துக்குச் சுவரில் மாட்டலாம். பார்க்க அழகாக இருக்கும், புகைப்படத்தில் இன்னும் அழகாக இருக்கும். அல்லது அழுக்கை மட்டும் துடைத்தெடுத்து, கனமான பலகையில் ஒரே ஒரு போல்ட்டில் சுழலும்படி பொருத்தி, நாலு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கலாம். முதலாவதில் பிள்ளை செய்ய எதுவும் இல்லை. இரண்டாவதில் அந்தச் சக்கரம் காலையில் லாரி, மதியம் கப்பல், சாயங்காலம் மாவு மில். பழைய பொருள்களைக் கொண்டு பிள்ளையின் அறையை அலங்கரிப்பது பற்றி எவ்வளவோ எழுதப்படுகிறது. அதில் பெரும்பகுதி முதல் வகைக்கே வழி சொல்கிறது. இந்த வாரம் நான் இரண்டாவது வகைக்காக வாதாடப் போகிறேன்.

என் வாதம் இதுதான். பிள்ளையின் அறையில் பழைய பொருளுக்கு இடம் கொடுக்கக் காரணம் அதன் மலிவும் அல்ல, குப்பையைக் குறைக்கிறோம் என்ற திருப்தியும் அல்ல. அவை நல்ல காரணங்கள்தான், ஆனால் வீட்டின் எந்த அறைக்கும் பொருந்துபவை. பிள்ளையின் அறைக்கென்று தனியாக ஒரு காரணம் உண்டு. ஒரு வேலை முடிந்து கைவிடப்பட்ட பொருளுக்கு அடுத்த வேலை இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். கடையில் வாங்கும் புதுப் பொம்மைக் காருக்கு அந்த இடைவெளி கிடையாது, அது காராகவே பிறந்து காராகவே இருக்கிறது. ஆனால் பெற்றோரே பழைய பொருளின் அடுத்த வேலையையும் முடிவுசெய்து, பெயின்ட் அடித்து, பசை ஒட்டி, கடைசி ஆணியையும் அறைந்துவிட்டால், அந்த இடைவெளி அடைபட்டுப் போகிறது. காயலான் கடையிலிருந்து வந்ததென்றாலும், அந்த நிமிடத்திலிருந்து அதுவும் ஷோரூம் பொருள்தான். ஆகவே பழையதைக் கொண்டுவருவது பாதி வேலை, பாதியில் கையை எடுத்துக்கொள்வது மீதி வேலை. இரண்டாவது பாதிதான் கடினம்.

இதற்கான முதல் சாட்சி மல்லிக் பஜாருக்கு வடக்கே ஜோராசாங்கோவில், தாகூர் குடும்பத்தின் வீட்டில் இருக்கிறது. ரவீந்திரநாத் தாகூர் தம் பிள்ளைப் பருவத்தை இரண்டு நூல்களில் எழுதினார். 1912-ல் ‘ஜீவன் ஸ்மிருதி’, மறைவுக்கு முந்தைய ஆண்டான 1940-ல் ‘செலேபேலா’. செல்வந்தர் வீடு என்றாலும் பிள்ளைகளுக்கு ஆடம்பரம் எதுவும் கிடைக்கவில்லை என்பதை அவர் திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறார். பின்னதில் ஒரு பல்லக்கு வருகிறது. பாட்டி காலத்தில் பெருமையாகச் சுமக்கப்பட்டு, பிறகு உபயோகமற்றுப் போய், வண்ணம் மங்கி, மெத்தையிலிருந்து நார் பிதுங்கி, வராந்தாவின் மூலையில் தள்ளப்பட்ட பல்லக்கு. பெரியவர்களுக்கு அது தட்டுமுட்டுச் சாமான். விடுமுறை நாள்களில் யார் கண்ணிலும் படாமல் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் சிறுவனுக்கோ அது கடல் நடுவே ஒரு தீவு, காட்டு வழிப் பயணம், கற்பனைச் சுமைகாரர்கள் தூக்கிச் செல்லும் வாகனம். முந்தைய நூலில் வராந்தாக் கம்பிகள் அவருடைய மாணவர்களாகின்றன. பிரம்பை எடுத்து அவற்றுக்குப் பாடம் நடத்துகிறார், எது நல்ல கம்பி, எது போக்கிரிக் கம்பி என்று பிரித்து வைத்திருக்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பல்லக்கை யாரும் ‘செய்யவில்லை’ என்பது. அதைத் துடைத்து வண்ணம் பூசி, திரை தைத்து, ‘வாசிப்பு மூலை’ என்று பெயர் வைக்க அன்று ஆளில்லை. அப்படி யாராவது செய்திருந்தால் சிறுவன் ஒருவேளை அதில் உட்கார்ந்து படித்திருப்பான். தீவு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

இரண்டாவது சாட்சியும் அதே முற்றத்தைச் சேர்ந்தவர்தான். ரவீந்திரநாத்துக்கு அண்ணன் மகன் முறையான அபனீந்திரநாத் தாகூர், துவாரகநாத் தாகூர் சந்தில் ஐந்தாம் எண் வீட்டில் வாழ்ந்தவர். 1905-ல் ‘பாரத மாதா’ ஓவியத்தை வரைந்தவர், வங்க ஓவிய மரபின் முதல்வர், பிள்ளைகளுக்கு ‘க்ஷீரேர் புதுல்’ எழுதியவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகு தூரிகையைப் பெரும்பாலும் ஓரமாக வைத்துவிட்டு, கீழே கிடந்ததைப் பொறுக்கத் தொடங்கினார். காய்ந்த கிளை, மரவேர், மூங்கில் துண்டு, கொட்டை, எதையும் விடவில்லை. இவற்றைச் சேர்த்து அவர் செய்த பறவைகள், விலங்குகள், மனிதர்களின் கூட்டத்துக்குக் ‘குட்டும் காட்டாம்’ என்று பெயர். குட்டும் என்றால் வங்காளத்தில் உறவுக்காரர். இவற்றை அவர் செதுக்கி உருவாக்கவில்லை. கிளையின் வளைவில் கொக்கின் கழுத்து ஏற்கெனவே இருந்தது என்பதுபோல, ஒரு துண்டைத் திருப்பி வைப்பார், இன்னொன்றை அதில் செருகுவார், அவ்வளவோடு நிறுத்திக்கொள்வார். பார்ப்பவருக்குக் கொக்கும் தெரியும், கிளையும் தெரியும். உலகப் புகழ்பெற்ற ஓவியருக்கு இன்னும் நாலு கோடு சேர்த்து அதை அசல் கொக்காகவே ஆக்கிவிடத் தெரியாதா? தெரிந்தும் நிறுத்தினார் என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. கிளை தெரிகிற வரைக்கும் பார்க்கும் பிள்ளை, ‘எனக்கு இது கொக்கில்லை, ஒட்டகம்’ என்று சொல்லலாம்.

இதே அபனீந்திரநாத் 1930, 40களில் ‘குத்தூர் ஜாத்ரா’ என்ற கையெழுத்துப் பிரதியை உருவாக்கினார். ராமாயணத்தை வங்கத் தெருக்கூத்தான ஜாத்ரா வடிவில் பிள்ளைகளுக்குச் சொல்லும் விளையாட்டு நூல் அது. அதன் பக்கங்களில் அவர் தாமே வரைந்த ஓவியங்களை வைக்கவில்லை. செய்தித்தாள் படங்களையும் விளம்பரங்களையும் லேபிள்களையும் வெட்டி ஒட்டினார். கதையில் ஒரு பாத்திரம் வரும் இடத்தில் ஏதோ ஒரு சரக்கின் விளம்பரப் படம் வந்து நிற்கும். கந்தல் காகிதம் காவியத்துக்குள் நுழைந்தாலும், அது விளம்பரம் என்பது மறையாமல் அப்படியே தெரியும். அந்தக் கலவைதான் சிரிப்பை வரவழைக்கிறது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தப் பிரதி, பக்கங்களின் நகலாகவே அச்சேறியது. அவர் வாழ்ந்த ஐந்தாம் எண் வீடோ கைமாறி இடிக்கப்பட்டுவிட்டது. குட்டும் காட்டாம் இன்று கலைப் பொருளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கப்படுகிறது. அதற்கு அந்த மரியாதை தகும். ஆனால் அதன் உண்மையான வாரிசுகளைத் தேடினால் அவை அருங்காட்சியகத்தில் கிடைக்காது. ஆடி ஆவணியில் கொல்கத்தாவின் பழைய தெருக்களில், வீட்டுத் திண்ணைகளில் கிடைக்கும்.

ஜூலன் என்ற திருநாளைச் சொல்கிறேன். ராதையும் கிருஷ்ணனும் ஊஞ்சலாடும் ஐந்து நாள் விழா, சிராவணப் பௌர்ணமியில் முடியும். கோயில்களில் நடப்பது ஒருபுறம் இருக்க, வங்கப் பிள்ளைகள் வீட்டின் ஒரு மூலையையோ படிக்கட்டின் அடியையோ பிடித்துக்கொண்டு ஒரு குட்டி ஊரையே அமைப்பார்கள். தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கிய மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் முக்கிக் காயவைத்தால் புல்வெளி. செங்கல் பொடி தூவினால் சாலை. கிழிந்த துணியைச் சேற்றுக் குழம்பில் தோய்த்து, செங்கல் அடுக்கின்மேல் போர்த்திவிட்டால் மலை, காய்ந்ததும் மடிப்புகள் பள்ளத்தாக்காக நிற்கும். உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடியைப் பதித்து ஓரத்தில் மரத்தூளைத் தள்ளிவிட்டால் குளம். அதன்மேல் வீட்டிலுள்ள பொம்மைகள் எல்லாம் வரும். போன வருஷத்து மண் பொம்மை, ஒரு சக்கரம் போன கார், தலையில் பெயின்ட் உதிர்ந்த சிப்பாய். அளவுப் பொருத்தம் யாரும் பார்ப்பதில்லை, மலையைவிடப் பெரிய பசு மேயும். நம் பக்கத்து வாசகருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். நவராத்திரியில் கொலுப்படிக்குப் பக்கத்தில் தரையில் பிள்ளைகள் போடும் பூங்காவும் இதே இனம்தான். கடுகும் வெந்தயமும் முளைவிட்டால் வயல், தாம்பாளத் தண்ணீர் தெப்பக்குளம், தீப்பெட்டி அடுக்கினால் ஓடும் ரயில். படிகளில் பொம்மை எந்த வரிசையில் வைப்பது என்பதைப் பாட்டியும் அம்மாவும் முடிவுசெய்வார்கள். பூங்கா மட்டும் பிள்ளைகளின் ராஜ்யம். பழைய பொருளால் ஆன பிள்ளை அலங்காரத்துக்கு இந்த இரண்டையும்விட நல்ல முன்மாதிரியை என்னால் காட்ட முடியாது. பொருள் தருவது பெரியவர், இடம் தருவது பெரியவர், தீர்மானிப்பது பிள்ளை. விழா முடிந்ததும் அதைக் கலைத்துவிடுவதில் யாருக்கும் வருத்தமில்லை. அடுத்த ஆண்டு மலை வேறு மூலையில் எழும்.

இது கவித்துவமான ஊகம் மட்டும்தானா, வேறு ஆதாரம் உண்டா என்று கேட்கலாம். உண்டு. ஜெர்மானியர் பிடியில் டென்மார்க் இருந்த 1943-ஆம் ஆண்டிலேயே, கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப்பில் தட்டுமுட்டுச் சாமான்களை மட்டும் கொட்டிவைத்த விளையாட்டுத் திடல் ஒன்று திறக்கப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் பூங்கா வடிவமைப்பாளர் சோரன்சென். தாம் கச்சிதமாக வடிவமைத்துத் தந்த திடல்களைவிட, கட்டடம் கட்டும் இடத்தில் கிடக்கும் பலகைகளிலும் கற்களிலும்தான் பிள்ளைகள் அதிகம் ஒன்றுகிறார்கள் என்று கவனித்தவர் அவர். போர் முடிந்ததும் அந்த யோசனை லண்டனின் குண்டு விழுந்த காலி மனைகளுக்குப் போனது. 1971-ல் சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் சிற்பி அதற்கு ஒரு கோட்பாடு வடிவம் தந்தார். ஓர் இடத்தில் பிள்ளை நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் எத்தனை பொருள் இருக்கிறதோ, அதற்குத் தக்கபடிதான் அங்கே படைப்பூக்கம் இருக்கும் என்றார். அண்மைக் காலத்து ஆய்வுகளில் இரண்டைச் சொல்வேன். 2014-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்கு, சுவர் நிறைய படங்களும் அட்டவணைகளும் ஒட்டிய அறையிலும், வெற்றுச் சுவர் அறையிலும் பாடம் நடத்திப் பார்த்தார்கள். வெற்றுச் சுவர் அறையில் விடைகளில் 55 விழுக்காடு சரியாக இருந்தன, அலங்கார அறையில் 42 விழுக்காடு. 2018-ல் டொலிடோ பல்கலைக்கழகத்தினர் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளிடம் ஒருமுறை 4 பொம்மைகளையும், இன்னொரு முறை 16 பொம்மைகளையும் வைத்தார்கள். 4 இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், அதிக விதங்களில் விளையாடினார்கள். இவை சிறிய ஆய்வுகள், வகுப்பறை வேறு வீடு வேறு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன. பழைய பொருளாகவே இருந்தாலும், சுவரை நிரப்பும் அலங்காரம் பிள்ளைக்கு உதவி என்று எண்ணிவிட முடியாது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவதும் கனமானதும் பாதுகாப்பு பற்றியது. பழைய பொருள் பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகும், அதில் என்ன விஷம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்ற கேள்வி முற்றிலும் நியாயமானது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல்தான் அறிவிக்கப்பட்டது, 2017 நவம்பர் 1 முதல் முழுமையாக நடப்புக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் பெயின்ட் அடித்த கட்டில், அலமாரி, ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் ஈயம் உள்ளதாகவே கருதுவதுதான் புத்திசாலித்தனம். குழந்தையின் ரத்தத்தில் இந்த அளவு வரை ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் பெற்றோர் ஆர்வத்தோடு செய்யும் காரியமே ஆபத்தாகிறது. பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பதைத்தான் சொல்கிறேன். அந்தத் தூசி அறையெங்கும் படிந்து, தவழும் குழந்தையின் விரல் வழியாக உள்ளே போகிறது. பெயின்ட் உரிந்து நிற்கும் பொருளைப் பிள்ளையின் அறைக்கு எடுக்காமல் விட்டுவிடுங்கள். ஆசை விடவில்லை என்றால், வெளியே, ஈரமாக வைத்து, தெரிந்த ஆளைக் கொண்டு சுரண்டச் சொல்லுங்கள். என் வாதம் இங்கே எனக்குச் சாதகமாகவே நிற்கிறது: புதிதாகப் பூசாமல், பெயின்ட் ஏறாத மரம், எவர்சில்வர், துணி, கூடை என்று தேர்ந்தெடுப்பவருக்கு இந்தத் தொல்லை பெரிதும் குறைவு.

மற்ற ஆபத்துகள் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக் கூடியவை. கிதிர்ப்பூர் துறைமுகம் உள்ள ஊரில் சரக்கு ஏற்றிவந்த மரப் பாலெட்டுகள் வந்து சேர்வது இயல்பு. அதை அலமாரியாக்குவது இப்போது ஊரெங்கும் நடக்கிறது. பன்னாட்டு விதிப்படி அதன் பக்கவாட்டில் முத்திரை இருக்கும். ‘எச்டி’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்திய மரம். ‘எம்பி’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப் புகை காட்டிய மரம், தொடவே வேண்டாம். முத்திரையே இல்லாததையும் விட்டுவிடலாம். தொட்டில், கட்டில் கம்பிகளுக்கு நடுவில் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். உயரமான பழைய அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்காமல் வைக்கவே கூடாது. இழுப்பறைகளைப் படியாக்கிப் பிள்ளை ஏறினால் அலமாரி முன்னோக்கிக் கவிழும். 2016-ல் குழந்தைகளின் மரணங்களுக்குப் பிறகு ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். அவை பழைய பொருள்கள் அல்ல, புத்தம் புதிதாக விற்கப்பட்டவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டவர் இருக்கும் வீட்டில் 3 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நுழைந்துவிடும் எதுவும் கைக்கு எட்டக்கூடாது. பொத்தான், சோழி, பாட்டில் மூடி எல்லாம் இதில் அடங்கும். பொத்தான் பேட்டரி எந்த வயதிலும் கூடாது. பழைய மெத்தையையும் பஞ்சுத் திண்டையும் வாங்க வேண்டாம், மூட்டைப்பூச்சி கூடவே வரும். கொல்கத்தாவின் ஈரக்காற்றில் கிடந்த மரத்தைத் தட்டிப் பார்த்து, கீழே வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் உளுத்துப்போனது என்று தெரிந்துகொள்ளலாம். இவ்வளவும் பெற்றோரின் வேலை, இதில் பிள்ளைக்கு எந்தச் சுதந்திரமும் தரச் சொல்லவில்லை. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வீட்டில் செய்வதற்கு அந்தக் காவல் கிடையாது, காவல் நாம்தான்.

இரண்டாவது மறுப்பை யாரும் எழுத்தில் வைப்பதில்லை. மாமியார்களும் அத்தைகளும் வாயால் சொல்வார்கள்: ‘ஏன், குழந்தைக்குப் புதுசா வாங்கித்தர வக்கில்லையா?’ பழையது என்றால் இல்லாமையின் அடையாளம் என்ற எண்ணம் கல்கத்தாவிலும் உண்டு, கும்பகோணத்திலும் உண்டு. அதை அசட்டையாக ஒதுக்க மாட்டேன். வேறு வழியின்றி எப்போதும் அடுத்தவர் கழித்துப்போட்டதையே உடுத்தி வளர்ந்த குடும்பம், தன் பிள்ளைக்காவது புதியது வேண்டும் என்று கேட்பதில் பெரிய நியாயம் இருக்கிறது. பூஜைக்கும் தீபாவளிக்கும் பிள்ளைக்குப் புதுத் துணி எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்தும்தான். ஆனால் பழையது குழந்தைக்கு ஆகாது என்பது நம் மரபு அல்ல. வங்கத்தில் பிறந்த குழந்தையைச் சுற்றும் முதல் துணி காந்தா. நைந்து மெத்தென்று ஆன சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, நெருக்கமான ஓட்டத்தையலால் இணைத்தது. தைக்கும் நூல்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்ததுதான். அந்த நூலின் சிவப்பையும் நீலத்தையும் வைத்தே யானையும் தேரும் தாமரையும் தைத்தார்கள். ஏழை வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது, ஜமீன் வீட்டுப் பெண்களும் தைத்தார்கள். குருசதய் தத் ஊர் ஊராகத் திரிந்து சேகரித்த காந்தாக்களைக் கொல்கத்தாவின் தெற்கே ஜோகாவில், அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மானதா சுந்தரி என்ற பெண் தைத்த புகழ்பெற்ற காந்தாவும் அந்தத் தொகுப்பைச் சேர்ந்தது. நம் வீடுகளில் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் பச்சைக் குழந்தைக்குப் போடுவதும், அம்மாவின் சேலையில் தூளி கட்டுவதும் இதே அறிவுதான். புதுத்துணியின் கஞ்சி குழந்தையின் தோலை உறுத்தும், பல நூறு முறை துவைத்த துணி உறுத்தாது. நீண்ட நாள் வாழ்ந்தவரின் துணி குழந்தைக்கு ஆயுளைத் தரும் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தது. அந்த நம்பிக்கையை ஏற்காதவர்கூட, பழையதைப் பிள்ளைக்குத் தருவதை நம் பாட்டிகள் இழிவாக நினைக்கவில்லை என்பதை மறுக்க முடியாது.

மூன்றாவது மறுப்பை நானே எழுப்புகிறேன், ஏனென்றால் பழையதைப் பற்றி எழுதுபவர்கள் இதைத் தொடுவதில்லை. பழைய பொருளை ‘மாற்ற’ என்று சொல்லி எத்தனை புதுப் பொருள் வாங்குகிறோம்? ஸ்பிரே பெயின்ட், பசைத் துப்பாக்கி, அதற்குப் பசைக் குச்சி, மினுமினுப்புத் தூள், ஸ்டிக்கர், பிளாஸ்டிக் பூ. ஒரு பழைய தகரப் பெட்டிக்கு இவ்வளவையும் ஏற்றினால் அந்தப் பெட்டியைக் காயலான் கடைக்காரர்கூடத் திரும்ப எடுக்கமாட்டார். தகரமும் பிளாஸ்டிக்கும் பசையும் ஒன்றாகப் பிணைந்துவிட்டால் எந்த எடைக்கும் போட முடியாது. கொல்கத்தாவில் வீடு வீடாக வந்து பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்களைப் பாசன்வாலி என்பார்கள். நம் ஊரிலும் அந்தப் பண்டமாற்றுக்காரர்களைத் தெரியும். அவர்கள் துணியை உதறி, வெளிச்சத்தில் பிடித்து, கறை எங்கே, கிழிசல் எங்கே, இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று ஒரு பார்வையில் கணக்குப் போடுவார்கள். அந்தத் துணி மறுபடி விலைபோகும், துவைத்து மடித்து இன்னொருவர் உடலுக்குப் போகும். இந்த நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணியாக இருக்கும் பொருளைப் பசையால் முடித்துவிடும் உரிமை நமக்கு இருக்கிறதா என்று தயங்க வேண்டும். ஒட்டுவதற்குப் பதில் கட்டலாம், ஆணிக்குப் பதில் திருகாணி போடலாம், துணியைத் தைத்தால் பிரித்தெடுக்கவும் முடியும். பிரிக்க முடிந்தது எதுவோ அதையே பிள்ளையும் மாற்றியமைக்க முடியும். சிக்கனத்தின் தேவையும் விளையாட்டின் தேவையும் இங்கே ஒரே விதியில் வந்து சேர்கின்றன.

அழகு வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டும். பார்ப்பதற்கு அலங்கோலமான அறையைப் பரிந்துரைக்க நான் எழுதவில்லை. 2001-ல் போஸ்புக்கூர் சீதளா மந்திர் துர்கா பூஜைப் பந்தலை முழுக்க முழுக்க பாண்டு எனும் மண் கோப்பைகளால் எழுப்பினார்கள். டீ குடித்ததும் தெருவோரம் எறியும் அதே கோப்பை. ஊரே திரண்டு வரிசையில் நின்று பார்த்தது, அதற்குப் பிறகு கொல்கத்தாவில் பந்தல் என்றால் என்ன என்ற எண்ணமே மாறியது. அந்தக் கோப்பைகளைக் கோப்பை என்று தெரியாதபடி மறைத்திருந்தால் அந்த வியப்பு வந்திருக்காது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அடுக்குவது, நிறங்களைக் குறைத்துக்கொள்வது, வெற்றிடம் விடுவது என்று அழகுக்கான வழிகள் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஒரு சுவரைப் பெற்றோர் தம் ரசனைக்கு வைத்துக்கொள்ளட்டும். ஆனால் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உள்ள பகுதி பிள்ளையின் கைக்கு உரியது என்று ஒதுக்கிவிடுங்கள். அங்கே வைக்கும் பழைய மூங்கில் கூடை, நூல்கண்டுக் கட்டை, தாழ்ப்பாளும் கீலும் பொருத்திய பலகை, சேலைத் துண்டுகள், கனமான அட்டைக் குழாய், எவர்சில்வர் டிபன் கேரியரின் தனித்தனி அடுக்குகள், இவை எந்த உருவமும் எடுக்கலாம். நேற்றுக் கட்டிய கோட்டை இன்று இல்லை என்று வருந்த வேண்டாம்.

கடைசியாக நேரம். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதற்கெல்லாம் யாருக்கு ஓய்வு என்று கேட்பவருக்கு, நான் சொல்வது வேலையைக் குறைக்கும் வழி என்றுதான் பதில். பார்த்து வாங்குவது, கழுவி வெயிலில் காயவைப்பது, கூர்முனையைத் தேய்ப்பது, ஆடுவதை இறுக்குவது, அத்தோடு பெரியவர் வேலை முடிந்தது. மூன்று வார இறுதிகளைத் தின்னும் பெயின்ட் வேலையும் ஒட்டு வேலையும் தேவையே இல்லை. நினைவுச் சின்னமாக ஒன்றை என்றைக்கும் கலைக்காமல் வைக்க விரும்புகிறவர்களைத் தடுக்கவும் இல்லை. தாத்தாவின் மேஜைக் கடிகாரத்தைக் கழற்றிப் போடு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன். அது அறையின் உயரத்தில் இருக்கட்டும். கேள்வியெல்லாம் எதை எங்கே வாங்குவது, யாரிடம் நம்பி வாங்குவது என்பதில்தான் வந்து நிற்கிறது. 1940 முதல் ரஸ்ஸல் தெருவில் இயங்கும் ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்சில் ஏலம் விடும் நாள் ஞாயிறு. பர்மா தேக்கு அலமாரியிலிருந்து பழைய இசைத்தட்டுப் பெட்டி வரை அங்கே சுத்தியலின் கீழ் வருகிறது. அங்கே பொருளைத் தொட்டுப் பார்த்து விலை கேட்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.